மலை ஆய்வகத்தில் தாங்கி வினையூக்கி தயாரித்தல்: ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கான முழுமையான வழிகாட்டி

அலுமினா, சிலிக்கா, டைட்டானியா (அலுமினியம், சிலிக்கான், டைட்டானியம் ஆக்சைடுகள்), கரி போன்ற ஒரு திடப்பொருளின் (இதுவே தாங்கி) மேல் சில நானோமீட்டர் அளவுள்ள உலோகத் துகள்களைப் பதித்து எடுப்பதுதான் தாங்கி வினையூக்கி. கட்டியாகக் கிடக்கும் தங்கம் ஏறக்குறைய எதையும் ஊக்குவிப்பதில்லை. அதே தங்கத்தை 2–5 நானோமீட்டர் துகளாக்கி டைட்டானியாவில் உட்கார வைத்தால் கார்பன் மோனாக்சைடு அறை வெப்பத்திலேயே எரியும். 1980களில் ஜப்பானின் ஹருட்டா குழு இதைக் காட்டிய பிறகுதான் தங்கத்தை வினையூக்கியாக உலகம் பார்க்கத் தொடங்கியது.

கட்டுரைகளில் வரும் செய்முறைகள் பெரும்பாலும் கடல்மட்டத்தில், ஏசி அறையில் எழுதப்பட்டவை. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். கொடைக்கானல் அதற்குக் கொஞ்சம் கீழே. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தண்ணீர் 92–93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜன்னலுக்கு வெளியே மட்டுமல்ல, தராசுத் தட்டிலும் மூடுபனிதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பொருளைத் துரத்துகிறது: தண்ணீர். துளைக்குள் இருக்கும் தண்ணீர், உப்போடு ஒட்டிய தண்ணீர், உலரும்போது நகரும் தண்ணீர். உலோகம் எங்கே உட்காரும் என்பது ஃபர்னஸ் சூடாகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

தாங்கியைத் தயார் செய்தல்

புட்டியில் இருந்து எடுத்த அலுமினாவையோ சிலிக்காவையோ அப்படியே எடை போடாதீர்கள். நல்ல மழைக்காலத்தில் நுண்துளைச் சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் உறிஞ்சும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் சேதம் புரியும். 10 கிராம் வினையூக்கி, 5 சதவீதம் நிக்கல் வேண்டும் என்று 9.5 கிராம் அலுமினா எடுக்கிறீர்கள். துளைப் பருமன் கிராமுக்கு 0.60 மி.லி. அதில் 10 சதவீதம் ஈரம் இருந்தால் உண்மையான அலுமினா 8.55 கிராம்தான். அதன் துளைகளின் கொள்ளளவு 5.13 மி.லி.; அதில் 0.95 மி.லி. ஏற்கெனவே தண்ணீர். மிச்சம் 4.18 மி.லி. நீங்கள் ஊற்றப்போவது 5.7 மி.லி. ஒன்றரை மி.லி. கரைசல் துளைக்கு வெளியே நின்று, உலரும்போது துகளின் தோலில் உப்புக்கட்டியாகப் படியும். நிக்கல் விகிதமும் 5.5 ஆகிவிடும்.

செய்ய வேண்டியது: அகலமான பீங்கான் கிண்ணத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் ஒரு இரவு. சூடாக இருக்கும்போதே டெசிகேட்டருக்கு (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கண்ணாடிக் கலன்) மாற்றி, ஆறியதும் மூடியுள்ள எடைப்புட்டியில் எடை போடுங்கள். டெசிகேட்டரில் உள்ள நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது வெறும் கண்ணாடிப் பானைதான். ஊட்டியில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி, வேலை எளிது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் சேருங்கள்.

துளைப் பருமனை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். உலர்ந்த தாங்கி 1 கிராமைச் சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு, 1 மி.லி. அளவுக் குழாயால் துளித்துளியாக நீர் விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்குங்கள். தூள் உதிரியாக ஓடும் வரை நீர் துளைக்குள் போகிறது. ஒரு கட்டத்தில் தூள் ஒன்றோடொன்று ஒட்டி, புட்டிச் சுவரிலும் ஒட்டும். அந்த அளவுதான் உங்கள் எண். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். தாங்கியின் புது மூட்டை வந்தால் மறுபடி அளக்க வேண்டும். பழைய எண் செல்லாது.

கண்ணாடிப் பாத்திரம்

இதைத் தனித் தலைப்பாக வைக்கக் காரணம் இருக்கிறது. ஊட்டி இந்து நகரில் இயங்கிய படச்சுருள் தொழிற்சாலையின் தொழில்நுட்பமே, சில வெள்ளி அணுக்கள் ஒரு முழு வெள்ளி உப்புப் படிகத்தை உலோகமாக மாற்றத் தூண்டும் என்பதை நம்பி நின்றது. உங்கள் பீக்கரிலும் அதேதான் நடக்கும். போன மாதம் செய்த பலேடியத்தின் மிச்சம் ஸ்டிரர் காந்தத்தில் ஒட்டியிருந்தால், இந்த மாதத் தங்கம் அங்கே போய்ப் படியும்.

மூன்று பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு அடர் நைட்ரிக் அமிலம் என்று இராஜ திராவகம் கலந்து, புகைபோக்கி அறைக்குள் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, தாராளமாகக் கழுவுங்கள். மூடிபோட்ட புட்டியில் அதைச் சேமிக்கக் கூடாது; வாயு அழுத்தத்தில் வெடிக்கும். அசிட்டோன் பட்ட பாத்திரத்தில் ஊற்றவே கூடாது. டெஃப்லான் பூசிய காந்தங்கள் கறுத்திருந்தால் கழுவிப் பயனில்லை, தூக்கிப்போட்டுவிட்டு உலோகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். வெள்ளி வேலைக்கு மட்டும் இராஜ திராவகம் வேண்டாம். வெள்ளிக் குளோரைடு படியும். அதற்கு நீர்த்த நைட்ரிக் அமிலமே போதும்.

முதல் முறை: துளை நிரம்ப ஊறவைத்தல்

மேலே சொன்ன கணக்கின்படி 5 சதவீத நிக்கல்–அலுமினா, 10 கிராம். நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட்டில் நிக்கல் 20.2 சதவீதம். 0.50 கிராம் நிக்கலுக்கு 2.48 கிராம் உப்பு. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் பச்சைப் படிகம் புட்டிக்குள்ளேயே நசநசத்திருந்தால் அதன் எடை பொய் சொல்லும். ஒரு தீர்வு உண்டு: மொத்தமாகக் கரைத்து இருப்புக் கரைசலாக்கி, மியூரெக்சைடு நிறங்காட்டியோடு இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் செய்து, புட்டியில் உண்மை அடர்வை எழுதி வையுங்கள். இளநிலை மாணவர்கள் செய்யும் அதே சோதனைதான்.

உப்பை 4 மி.லி. அளவு வாலைவடிநீரில் கரைத்து, 5.7 மி.லி.க்கு நிரப்புங்கள். 5.7 மி.லி. நீரில் உப்பைப் போடுவது தவறு; உப்போடு வரும் படிக நீரே 0.9 மி.லி. இருக்கும். உலர்ந்த அலுமினாவைக் கண்ணாடிக் கல்வத்திலோ வட்டக் குடுவையிலோ போட்டு, கரைசலைப் பத்துப் பன்னிரண்டு தவணையாக விட்டு, ஒவ்வொரு தவணைக்கும் நன்றாகக் கிளறுங்கள். கடைசித் துளியிலும் தூள் ஈர மணலாக இருக்க வேண்டும். இட்லி மாவாகிவிட்டால் எங்கோ பிழை: தாங்கி உலரவில்லை, அல்லது துளை அளவு தவறு. மூடி 1–2 மணி நேரம் வையுங்கள். கரைசல் துளைகளுக்குள் சமமாகப் பரவட்டும்.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். வெளிப்புறம் முதலில் உலர, உள்ளிருந்து கரைசல் வெளியே இழுபடும். உலோகமும் கூடவே வந்து துளை வாயில் குவியும். அதோடு நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 57 டிகிரி அருகிலேயே தன் படிக நீரில் உருகும். நேரே 120 டிகிரி ஓவனில் வைத்தால் உருகிய உப்பு நகர்ந்து திரளும். அறை வெப்பத்தில், முடிந்தால் வெற்றிட டெசிகேட்டரில், ஒரு இரவு. பிறகு 60 டிகிரியில் 4 மணி நேரம். பிறகு 110 டிகிரி. படலத்தின் உயரம் 5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மூடுபனி நாளில் அறை வெப்பத்தில் திறந்து வைத்தால் உலராது, இன்னும் ஈரமாகும். அன்றைக்கு வெற்றிடம் கட்டாயம்.

பிறகு காற்றில் சுடுவது: நிமிடத்துக்கு 1–2 டிகிரி ஏற்றம், 400 டிகிரியில் 3 மணி நேரம், காற்று ஓட்டம் அவசியம். நைட்ரேட் சிதையும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நீராவியும் படலத்தில் தேங்கினால் நிக்கல் ஆக்சைடு திரளும். மூடியிட்ட குரூசிபிளில் மஃபிள் ஃபர்னஸில் சுடுவதும், குழாயில் காற்றோட்டத்தோடு சுடுவதும் ஒன்றல்ல. காற்றுக்குப் பதில் சிறிது நைட்ரிக் ஆக்சைடு கலந்த ஹீலியத்தில் சிதைத்தால் துகள் இன்னும் சிறிதாக வரும் என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வுக் குழு காட்டியது. ஆனால் அந்த நச்சு வாயுவைக் கையாளும் ஏற்பாடு இல்லாத இடத்தில் முயல வேண்டாம். 400ஐத் தாண்டி 600, 700 என்று போகாதீர்கள். நிக்கல் அலுமினாவுக்குள் நுழைந்து நிக்கல் அலுமினேட் ஆகிவிடும். அதை ஒடுக்க, அதாவது ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்க, 700–800 டிகிரி வேண்டியிருக்கும். தூள் பச்சை கலந்த சாம்பல் என்றால் நல்லது. நீல நிறம் தட்டினால் கதை முடிந்தது.

இரண்டாம் முறை: மின்னூட்டத்தால் ஒட்டவைத்தல்

விலை உயர்ந்த உலோகத்தைக் குறைந்த அளவில், மிக நுண்ணிய துகளாக வேண்டுமென்றால் இதுவே நல்ல வழி. ஒவ்வொரு ஆக்சைடுக்கும் மேற்பரப்பு மின்னூட்டம் சுழியாகும் ஒரு பிஎச் உண்டு. சிலிக்காவுக்கு 2–4, டைட்டானியாவுக்கு 6 அருகில், காமா அலுமினாவுக்கு 8 அருகில். பிஎச் அதற்கு மேலே என்றால் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெற்று நேரயனிகளை இழுக்கும். கீழே என்றால் எதிரயனிகளை. சிலிக்காவில் குளோரோபிளாட்டினிக் அமிலத்தை (இதில் பிளாட்டினம் எதிரயனி) ஊற்றிவிட்டு ‘ஏன் ஒட்டவில்லை’ என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியைத் தவறவிட்டவர்கள்.

உங்கள் தாங்கியின் எண்ணை நீங்களே அளக்கலாம். ஆறு புட்டிகளில் தலா 10 மி.லி. நீரை பிஎச் 3 முதல் 10 வரை சரிசெய்து, ஒவ்வொன்றிலும் 0.5 கிராம் தாங்கியைப் போட்டு மூடி ஒரு மணி நேரம் குலுக்கி மறுபடி பிஎச் பாருங்கள். வெவ்வேறு இடத்தில் தொடங்கியவை பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். அதுதான். காலையில் ஆய்வகம் 12 டிகிரியில் இருக்கும்போது பிஎச் மீட்டரைச் சரிபார்த்தால், 10.01 என்று எழுதிய பஃபர் (பிஎச் தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) உண்மையில் 10.15ஐத் தாண்டியிருக்கும். புட்டியில் அச்சிட்ட வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து எண்ணை உள்ளிடுங்கள்.

1 சதவீத பிளாட்டினம்–சிலிக்காவுக்கு: 1 கிராம் சிலிக்கா, 100 மி.லி. நீர். டெட்ரா அம்மைன் பிளாட்டினம் குளோரைடு மோனோஹைட்ரேட்டில் பிளாட்டினம் 55.4 சதவீதம், எனவே 18 மி.கி. அம்மோனியாவால் பிஎச் 10–10.5. அதற்கு மேல் போனால் சிலிக்காவே கரையத் தொடங்கும். ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டி, மிதமாகக் கழுவி, அறை வெப்பத்திலும் பிறகு 100 டிகிரியிலும் உலர்த்தி, காற்றில் உயர்வெப்பத்தில் சுடாமல் நேரே 250 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒடுக்குங்கள். நிறமற்ற கரைசல் என்பதால் கண்ணால் தெரியாது. வடிநீரில் எவ்வளவு பிளாட்டினம் மிச்சம் என்று அளந்தால்தான் எவ்வளவு ஏறியது என்பது உறுதி.

மூன்றாம் முறை: தங்கத்துக்கு யூரியா

தங்கத்தை ஊறவைத்தல் முறையில் ஏற்றாதீர்கள். குளோரோஆரிக் அமிலத்தின் குளோரைடு தாங்கியில் நின்றுவிட்டால், சூடாக்கும்போது தங்கம் நகர்ந்து 10–20 நானோமீட்டர் கட்டிகளாகிவிடும். குளோரைடை வெளியேற்றி ஹைட்ராக்சைடாகப் படியவைப்பதே வழி. சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8–9க்குக் கொண்டுபோகலாம்; ஆனால் கணிசமான தங்கம் கரைசலிலேயே தங்கி, வடிநீரோடு போய்விடும். யூரியாவில் அந்த நஷ்டம் இல்லை. சூட்டில் யூரியா மெதுவாகச் சிதைந்து காரத்தைக் கரைசல் முழுக்கச் சீராக விடும்.

2 சதவீத தங்கம்–டைட்டானியா (பி25 என்று கடையில் விற்கும் டைட்டானியாத் தூள்), 1 கிராம்: குளோரோஆரிக் அமிலம் ட்ரைஹைட்ரேட் 41 மி.கி. (பாதி எடை தங்கம்), யூரியா 2.5 கிராம், நீர் 100 மி.லி. இதில் டைட்டானியாவைத் தூவி, பாத்திரத்தை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெளிச்சத்தில் டைட்டானியாவே தங்கத்தை ஒடுக்கிவிடும். 80 டிகிரியில் 16 மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்திலேயே தங்கம் முழுக்கத் தாங்கிக்கு வந்துவிடும், அதனால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது துகள் பெரிது. பிஎச் 7ஐத் தாண்டும் வரை விட்டால்தான் சிறிதாகும். அவசரப்படுவோருக்குக் குறைந்தபட்சம் 4 மணி நேரம்.

உயரம் இங்கே கையைக் கடிக்கும். 80 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பாதிக்கும் கீழே. ஊட்டியில் அது அறுபது சதவீதம். திறந்த பீக்கர் என்றால் காலைக்குள் வற்றிவிடும். குளிர்விப்பான் பொருத்துங்கள், அல்லது மூடியுள்ள புட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். 95 டிகிரி என்று ஒரு செய்முறை சொன்னால் இங்கே அது திறந்த பாத்திரத்தில் நடக்காது, கொதிநிலையே குறைவு. நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது அழுத்தம் தாங்கும் மூடிய கலனுக்குப் போங்கள்.

பிறகு சென்ட்ரிஃபியூஜ் செய்து 50 டிகிரி நீரில் ஐந்து முறை கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டால் வெண்மை தட்டக் கூடாது. வெற்றிடத்தில் 80 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி, காற்றில் 300 டிகிரியில் 4 மணி நேரம். மஞ்சள் தூள் ஊதாவாக மாறும்.

ஒரு எச்சரிக்கை, இது சாதாரணமானதல்ல: தங்கக் கரைசலின் பிஎச்சை அம்மோனியாவால் ஏற்றாதீர்கள். வெடிக்கும் தங்கம் என்ற பொருள் உருவாகும். உலர்ந்தால் உரசலிலேயே வெடிக்கும். அம்மோனியா சேர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலும் அப்படியே. வேலை முடிந்த கையோடு அமிலமாக்கிவிட வேண்டும், ஒருநாளும் சேமிக்கக் கூடாது. இதே முறையைச் சிலிக்காவில் முயலவும் வேண்டாம். காரத்தில் சிலிக்கா எதிர்மின்னூட்டம், தங்கமும் எதிரயனி, ஒன்றையொன்று விலக்கும்.

நான்காம் முறை: துகளை முதலில் செய்து பிறகு ஏற்றுதல்

துகள் அளவு ஒரே சீராக வேண்டுமானால், அல்லது தங்கம்–பலேடியம் கலப்புத் துகள் வேண்டுமானால் இதுதான். கரைசலில் துகளைச் செய்து, பாலிவினைல் ஆல்கஹாலால் போர்த்தி, பிறகு தாங்கியில் ஒட்டவைக்கிறோம்.

1 சதவீத தங்கம்–கரி, 2 கிராம்: 800 மி.லி. நீரில் 40 மி.கி. குளோரோஆரிக் அமிலம் ட்ரைஹைட்ரேட், அதாவது 20 மி.கி. தங்கம். பாலிவினைல் ஆல்கஹால் 1 சதவீதக் கரைசல் 2.4 கிராம் (தங்கத்தின் எடையைப் போல 1.2 மடங்கு). ஆல்கஹாலைக் குளிர்நீரில் கரைக்க முயன்றால் கட்டியாக மிதக்கும். 80–85 டிகிரியில் கலக்கிக் கரைத்து ஆறவிடுங்கள். சோடியம் போரோஹைட்ரைடு 0.1 மோலார், 5.1 மி.லி. (தங்கத்துக்கு ஐந்து மோல்). பனிக்கட்டி நீரில் அந்த நிமிடமே கரைத்து, வேகமாகக் கலக்கும் கரைசலில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். வெளிர்மஞ்சள் உடனே செம்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறும். ஊதா, நீலம் தெரிந்தால் துகள்கள் கைகோத்துவிட்டன. கரியை வீணாக்காமல் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். போரோஹைட்ரைடு ஈரம் பட்டுப் பழசாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். மலையில் அந்த டப்பாவைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் மூட வேண்டும். கரைசலை மூடியிட்டு வைக்காதீர்கள், ஹைட்ரஜன் சேரும்.

அரை மணி நேரம் கலக்கி, 1.98 கிராம் கரியைச் சேர்த்து, கந்தக அமிலத்தால் பிஎச் 1–2க்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம். கரி நேர்மின்னூட்டம் பெற்றுத் துகள்களைப் பற்றிக்கொள்ளும். வடிநீர் நிறமற்று வந்தால் ஏறியது. சிவப்பாக வந்தால் அமிலம் போதவில்லை. நடுநிலை ஆகும் வரை கழுவி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் செயல்தளங்களை மறைக்கும். 300 டிகிரியில் எரித்தால் துகள் பெருக்கும். இடைவழி, 90 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் சூடாக்கிக் கழுவுவது. கொதிக்கும் விளிம்பில் இருக்கும் என்பதால் குளிர்விப்பானோடு செய்யுங்கள்.

பலேடியம் சேர்ப்பதானால், பலேடியம் குளோரைடு நீரில் கரையாது. ஒரு மோலுக்கு இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து இளஞ்சூட்டில் கரைத்தால் செம்பழுப்புக் கரைசல் வரும்.

தேயிலைக் கழிவுக் கரி, கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைச்சாறு

நீலகிரியில் ஆய்வு செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்தப் பக்கம் திரும்புவார்கள். தேயிலை ஆலைக் கழிவிலிருந்து நல்ல தாங்கி வரும். 110 டிகிரியில் உலர்ந்த கழிவு 20 கிராமுக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 30 கிராம் ஊறவைத்து, நைட்ரஜனில் 450–500 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். சிக்கல் அதற்குப் பிறகுதான். பாஸ்பேட்டும், இலையிலிருந்து வந்த பொட்டாசியம், கால்சியமும் கரியில் நிற்கும். வெந்நீரில் நடுநிலையாகும் வரை, பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு இரவு, மறுபடி வெந்நீர். 1 கிராமைக் காற்றில் 650 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போடுங்கள், 20 மி.கி.க்கு மேல் இருந்தால் மறுபடி கழுவல்.

கரியே ஒரு ஒடுக்கி என்பதையும் மறக்க வேண்டாம். பலேடியம், தங்க உப்புகளைக் கரி தொட்டவுடனே உலோகமாக்கிவிடும். துளைக்குள் போகும் முன்பே வெளித்தோலில் பெரிய துகளாகப் படியும். உலர்ந்த கரி பளபளத்தால் அதுதான் காரணம். பலேடியத்துக்குக் கரைசலைக் காரமாக்கி ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, பிறகு ஒடுக்குவது ஒரு வழி.

கற்பூர மர இலைச்சாறு, சீகை (வாட்டில்) மரப்பட்டை டானின், பச்சைத் தேயிலைச் சாறு எல்லாமே வெள்ளியையும் தங்கத்தையும் ஒடுக்கும். நிறம் அழகாக வரும், படமும் அழகாக வரும். ஆனால் சாற்றின் பாலிஃபீனால்கள் துகளைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு வினைப்பொருளை அண்டவிடாது. அதை எரித்தால் துகள் பெருக்கும். இலை பறித்த மாதம், மழை, மரத்தின் வயது என்று ஒவ்வொரு முறையும் சாறு மாறுவதால் திரும்பச் செய்தால் அதே துகள் வராது. பசுமை என்ற பெயருக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது நல்ல காரணமல்ல. டானினைத் தூய பொருளாக வாங்கி, எடை போட்டுச் செய்தால் ஓரளவு பேசலாம்.

ஹைட்ரஜனில் ஒடுக்குதல்

குவார்ட்ஸ் குழாய், மெல்லிய படலம், 1–2 கிராம். முதலில் நைட்ரஜனில் அரை மணி நேரம் காற்றை விரட்டுங்கள். ஆர்கான் அல்லது நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர் வாங்குவதே புத்திசாலித்தனம். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றம். பலேடியம், பிளாட்டினத்துக்கு 200–300 டிகிரி, தாமிரத்துக்கு 250, நிக்கலுக்கு 450–500, 3 மணி நேரம். தாமிர ஆக்சைடு ஒடுங்கும்போது வெப்பம் பொங்கும். அங்கே தூய ஹைட்ரஜன் விட்டால் படலத்தின் நடுவே சூடு எகிறித் துகள் திரளும்.

எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: உருகுநிலையைக் கெல்வினில் எடுத்துப் பாதியாக்குங்கள். அந்த வெப்பத்தில் உலோக அணுக்கள் தாராளமாக நடமாடும். வெள்ளிக்கு அது 344 டிகிரி செல்சியஸ், தங்கம் 395, தாமிரம் 406, நிக்கல் 591, பிளாட்டினம் 747. நானோ துகள் அதற்கும் முன்பே நகரத் தொடங்கும். குளோரைடு மிச்சமிருந்தால் இன்னும் சீக்கிரம்.

வாயு ஓட்டத்தைக் கடல்மட்டத்துக்கு அளவிட்ட ரோட்டாமீட்டரில் படித்து நம்பாதீர்கள். சோப்புக் குமிழி மீட்டரால் அளந்து, ஊட்டிக்குச் சுமார் 0.77ஆல் பெருக்கி, பிறகு 273ஐ அறையின் கெல்வின் வெப்பத்தால் வகுத்து வரும் எண்ணாலும் பெருக்குங்கள். 15 டிகிரி அறையில் 100 மி.லி. என்று அளந்தது திட்ட நிலையில் 73 மி.லி.தான். வெற்றிட மீட்டரும் இப்படித்தான்: இங்கே முழு வெற்றிடமே சுமார் 580 மில்லிமீட்டர் பாதரசம். 700 வேண்டும் என்ற செய்முறையைப் பார்த்து பம்ப்பைத் திட்ட வேண்டாம். ஒரு ஆறுதல், நீர்க்குழாய் உறிஞ்சி சமவெளியைவிட இங்கே நன்றாக இழுக்கும். 12 டிகிரி நீரின் ஆவியழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவுதான். 30 டிகிரி நீருக்கு 32.

குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஹைட்ரஜன் ஓட்டுவதுதான் மலை ஆய்வகங்களின் பெரிய ஆபத்து. வெளியேறும் வாயுவைக் குழாய் போட்டு வெளியே விடுங்கள், இணைப்புகளில் சோப்புநீர் தடவிப் பாருங்கள், மேல் ஜன்னல் திறந்திருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வாடிக்கை. போனால் முதலில் ஹைட்ரஜனை மூடி நைட்ரஜனைத் திறங்கள். மின்சாரம் வந்ததும் ஃபர்னஸ் தானாகத் தொடரும் வசதியை அணைத்தே வையுங்கள்.

ஒடுக்கிய நிக்கலை நேரே காற்றில் எடுத்தால் தீப்பிடிக்கலாம். நைட்ரஜனில் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, 0.5–1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனில் ஒரு மணி நேரம் விட்டு மேல்தோலை மட்டும் ஆக்சைடாக்குங்கள். வெப்பமானியில் 5 டிகிரிக்கு மேல் ஏறினால் ஓட்டத்தைக் குறையுங்கள். பலேடியம்–கரியும் மெத்தனாலும் சந்திக்கும் இடத்தில் எப்போதும் நைட்ரஜன் இருக்கட்டும்.

சரியாக வந்ததா?

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவில் துகள் அளவைக் கணிப்பவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பிளாட்டினத்தின் 39.8 டிகிரிக் கோடு காமா அலுமினாவின் கோட்டின் மேலேயே விழும், தங்கத்தின் 38.2 டிகிரிக் கோடு அனட்டேஸின் (டைட்டானியாவின் ஒரு படிக வடிவம்) 37.8 பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். வெறும் தாங்கியின் வளைவை அதே நாளில் எடுத்துக் கழித்துப் பாருங்கள். தவிர, 2–3 நானோமீட்டருக்குக் கீழே கோடே தெரியாது. கோடு இல்லை என்பது உலோகம் இல்லை என்பதாகாது; பெரும்பாலும் நல்ல செய்திதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூறு இருநூறு துகளையாவது எண்ணுங்கள். பத்துத் துகளில் சராசரி சொல்வது கண்கட்டு.

கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய செயல் சோதனை: 0.1 மில்லிமோலார் 4-நைட்ரோஃபீனால் 50 மி.லி., அதில் போரோஹைட்ரைடு 19 மி.கி., வினையூக்கி 2 மி.கி. மஞ்சள் மறையும். நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது எடுத்து 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, இரு மடங்கு நீர்த்து, 400 நானோமீட்டரில் உட்கவர்ச்சி பாருங்கள். 300 அருகே அமினோஃபீனால் எழ வேண்டும். அது எழாமல் 400 மட்டும் விழுந்தால் கரி அதை உறிஞ்சியிருக்கிறது, வினை நடக்கவில்லை. வெறும் தாங்கியோடு ஒரு ஓட்டம் கட்டாயம். பாதியில் வினையூக்கியை வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரில் வினை தொடர்கிறதா என்றும் பாருங்கள். தொடர்ந்தால் உலோகம் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது.

முதல் நாள் நன்றாக ஓடிய தங்கம்–டைட்டானியா ஒரு மாதத்தில் செத்துப்போனால் வெளிச்சத்தையும் ஈரத்தையும் சந்தேகியுங்கள். பழுப்புப் புட்டியில், மூடி இறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். இல்லையென்றால் மூடுபனியே உள்ளே வந்து படியும். புட்டியில் தேதி, துளைப் பருமன், கழுவிய முறைகளின் எண்ணிக்கை, அன்றைய ஈரப்பதம் எல்லாம் எழுதுங்கள்.

கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீலகிரியில் சாக்கடைக்குப் போவது பவானிக்கோ மாயாற்றுக்கோ இறங்கும் ஓடைக்குத்தான் போகும். வெள்ளியும் நிக்கலும் மீனுக்கு நஞ்சு. உலோகத்துக்கு ஒரு கேன் என்று பிரித்துச் சேர்த்துவையுங்கள். தங்கம், பலேடியம் வடிநீரில் கொஞ்சம் போரோஹைட்ரைடு இட்டால் கறுப்புத் தூளாக அடியில் இறங்கும். வடிகட்டி, இராஜ திராவகத்தில் கரைத்து, அடுத்த தொகுதிக்கான உப்பாக மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.